அது கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தவன் நான்.

சைக்கிளில் ஐஸ்பழம் விற்றேன். பஸ்களுக்குப் பெயர் எழுதினேன். கடைகளுக்குப் போர்ட் எழுதினேன் — தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும். பின்னைய இரண்டையும் வாசிக்கத் தெரியாத காலத்திலேயே எழுதினேன்! எழுத்தின் வளைவு கைக்குத் தெரிந்தால் போதாதா? கல்முனைக் கடைத்தெருவில் வெயிலுக்கும் மழைக்கும் அசையாமல் நிற்கிற பழைய போர்டுகளில் பாதி என் கைவேலை. ‘போர்ட் காக்கா’ — போர்ட் எழுதுகிற அண்ணன் — என்று கேட்டால் பஸ் டிப்போவில் நிற்கிறவரும் வழி காட்டுவார்.

பிறகு சாய்ந்தமருதில், கடற்கரை வீதியில் ஸ்டூடியோ போட்டேன். “படம் பிடிக்கிற தொழில் நமக்கு ஆகாது” என்று என் முகத்துக்கு நேரே சொன்ன பெரியவர், ஹஜ்ஜுக்கு பாஸ்போர்ட் வேண்டும் என்றதும் என் கடைக் கதிரையில்தான் வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். பிறகு கல்யாண வீடியோ. பிறகு டெலிபோன் கடை. அந்த ஞாயிற்றுக்கிழமை கடல் எழும்பி வந்து எல்லாவற்றையும் கொண்டுபோனது. கதவு நிலைகூட மிஞ்சவில்லை. மறுபடி கட்டினேன் — இந்த முறை கல்முனையில், மாடியில்.

இவ்வளவையும் எதற்குச் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது.

கடந்த வாரம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு வைபவம். சுனாமியில் மௌத்தானவர்களின் படங்களை, அவரவர் குடும்பத்துப் பெண்களின் கையில் உறைபோட்டுக் கொடுத்தார்கள். நடுவில் திரை. அந்தப் பக்கம் பெண்கள், இந்தப் பக்கம் நாங்கள். முடிவில் ஒரு தம்பி நன்றியுரை வாசித்தார். வெளிநாட்டு உதவிக்கு நன்றி. நிறுவனத்துக்கு நன்றி. கொழும்பில் பிரிண்ட் எடுத்தவர்களுக்கு நன்றி. கதிரை தந்தவர்களுக்கு நன்றி. கடைசியில் — “ஒத்துழைத்த உள்ளூர் நபர் ஒருவருக்கும் நன்றி.”

வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி மரியம் சமாதானம் சொன்னாள்.

“உங்களத்தானே சொன்னாங்க.”

“எங்க சொன்னான்? ‘நபர்’ எண்டான். கதிரைக்காரன்ட பேர முழுசா வாசிச்சான், கேட்டியா?”

“சரி விடுங்க. அல்லாஹ்வுக்குத் தெரியும்தானே.”

அல்லாஹ்வுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரிய வேண்டாமா? அதனால்தான் இந்த வாரப் பத்திரிகைப் பத்தியில் இந்தக் கதை. நான் சொல்ல, வழக்கம்போல என் மகள் பர்சானா டைப் செய்கிறாள்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் மனிதர் தேடியதில் உயிருக்கும் ஜனாஸாவாகிவிட்ட உடலுக்கும் அடுத்தது எது தெரியுமா? போட்டோ. சேற்றிலிருந்தும் வேலி முள்ளிலிருந்தும் எடுத்து வருவார்கள். ஸ்டூடியோக்காரன் என்பதால் என்னிடம்தான் வருவார்கள். “காக்கா, இதக் காப்பாத்த ஏலுமா?” அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் கயிறு கட்டி, உடுப்புக் காயவைக்கிற கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டேன். பெண்கள், பிள்ளைகளின் படங்களை மட்டும் திரைக்குப் பின்னால் பெண்களே மாட்டினார்கள். ஆனால் உப்புத் தண்ணீர் குடித்த போட்டோ நிற்காது. காயக் காய நிறம் உரிந்து கொட்டும். மூக்கு போகும், பிறகு கண் போகும்...

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்தாள். கையில் கடித்த ஆப்பிள் படம் போட்ட வெள்ளை லெப்டொப். “அழிவதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்து இதற்குள் போட்டுவிடலாம்” என்றாள்.

நல்ல யோசனை. ஆனால் எங்கள் ஊர் உங்களுக்குத் தெரியும். பெண்களின் கல்யாணப் படம் சுவரில் தொங்காது. அலுமாரியில் சாரி அடுக்குக்கு அடியில் கிடக்கும். மச்சான்மார்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மௌத்தான பெண்ணுக்கு மட்டும் மானம் இல்லையா? பெண்கள் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொடுக்கவில்லை.

நான்தான் முன்னால் போனேன். “அந்நிய ஆம்பிள ஒருத்தன்ட கண்ணும் இதுல படாது. நான் உட்பட. இது என்ட வாக்கு” என்றேன்.

கொடுத்தார்கள். என்னை நம்பித்தான் கொடுத்தார்கள். இதை எழுதி வையுங்கள்.

அவள் அறைக்குள் பெண்களோடு இருந்து படம் எடுத்தாள். நான் வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். போகும்போது ஒரு ஹார்ட் டிஸ்க்கை என் கையில் தந்தாள் — தொழுகைத் தொப்பியை மடித்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு. “எல்லாம் இதில் இருக்கிறது” என்றாள். போய்விட்டாள்.

புதுக் கடையில் கொம்பியூட்டர் வாங்கியதும் முதல் வேலையாக அந்த டிஸ்க்கை அதில் குத்தினேன். குத்திவிட்டு நான் எழும்பிப் போய்விட்டேன், பர்சானா உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல்.

“வாப்பா... இஞ்ச வாங்க. இதுக்குள்ள ஒண்டும் இல்லயாம்.”

“என்ன கதைக்கிறா நீ?”

“ஒண்டும் இல்லயாம். ‘ஃபோமட் பண்ணவா’ எண்டு கேக்குது.”

“அப்படியெண்டா?”

“எல்லாத்தயும் துடைச்சிட்டுப் புதுசாத் தரவா எண்டு கேக்குது.”

திரையில் ஒரு சின்னப் பெட்டி. நடுவில் இங்கிலீஷில் ஒரு வரி. கீழே இரண்டு பொத்தான். ஒன்று ‘ஓம்’, அதாவது சரி. மற்றது ‘வேண்டாம்’. நான் வாசிக்கவில்லை. ஆனால் அந்தப் பெட்டியின் முகம் அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது — பாம்பின் முகம் பதிகிற மாதிரி. பர்சானா ‘வேண்டாம்’ என்பதை அமர்த்தினாள்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு கொம்பியூட்டர் சாதிக்கும் டிஸ்க்கில் எழுத ஒரு தனி முறை இருக்கிறது. மேக் — அந்தப் பிள்ளையின் ஆப்பிள் லெப்டொப் — தன் முறையில் எழுதினால் எங்கள் கடை விண்டோஸுக்கு அது விளங்காது. விண்டோஸ் ‘என்.டி.எஃப்.எஸ்’ என்று ஒரு முறையில் எழுதும். மேக் அதை வாசிக்கும், ஆனால் திருப்பி எழுத மாட்டாது. ‘ஃபெட் தேர்ட்டி டூ’ என்று பழைய முறை ஒன்று — பென் டிரைவ்களில் அதிகம் அதுதான். அது சந்தை மாதிரி, எல்லாரும் உள்ளே வரலாம். ஆனால் கல்யாண வீடியோ மாதிரிப் பெரிய ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே மறித்துவிடும்.

இதெல்லாம் இப்போது தெரியும். மேக் டிஸ்க்கை விண்டோஸில் திறக்கவும் தனியே ஒரு சொஃப்ட்வெயார் இருக்கிறதாம். அன்றைக்கு எங்களுக்கு யார் சொன்னார்கள்?

எனக்குப் பயம் எதில் என்றால் — விளங்காவிட்டால் ‘எனக்கு விளங்கவில்லை’ என்று சொல்ல வேண்டியதுதானே? அந்தக் கொம்பியூட்டர் அப்படிச் சொல்லாது. ‘இதில் ஒன்றும் இல்லை, துடைத்துவிடவா?’ என்றுதான் கேட்கும். அதுவும் எவ்வளவு மரியாதையாக!

டிஸ்க்கை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் யாராவது ‘கடல் வருது!’ என்று கத்தினால் போதும், ஊரே வயல் பக்கம் ஓடும். பாதிக்கு மேல் வெறும் வதந்தி. ஆனாலும் நிற்க முடியுமா? ஒவ்வொரு தடவையும் நான் ஓடியது அந்த டின்னோடுதான். ஒருமுறை மரியம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு கத்தினாள். “இஞ்ச! பொண்டாட்டிய உட்டுட்டு பிஸ்கட்டத் தூக்கிட்டு ஓடுறீங்களே, வெக்கமா இல்லயா?”

“உனக்குக் கால் இரிக்கி. இதுக்கு இரிக்கா?” என்றேன்.

ஆமினா என் சாச்சாவின், அதாவது சித்தப்பாவின், மகள். அவளுடைய மகள் நுஸ்கியா. எட்டு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை உம்மாவின் கையை விட்டவள்தான்... கிடைக்கவே இல்லை. ஆமினாவிடம் மிஞ்சியது ஒரே ஒரு போட்டோ, பெருநாள் உடுப்போடு. கயிற்றில் அவள் தொங்கவிட்ட அந்தப் படமும் அடுத்த மாரிக்குள் பூஞ்சணம் பிடித்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. ஆக, நுஸ்கியா இந்த உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே இடம் என் பிஸ்கட் டின்.

ஆமினாவின் கணவர் கட்டாரில். அவள் தன்பாட்டில் இருந்தாள். ஒன்றும் கேட்டதில்லை. யுத்தம் வடக்கே கடைசிக் கட்டத்தில் இருந்த நாட்களில் ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். மரியம் கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

“காக்கா, எனக்கு ஒரு பயம்.”

“என்ன புள்ள?”

“அவள்ட முகம் மறந்துபோகுது காக்கா. குரல் இரிக்கி. நட இரிக்கி. முகத்த நினச்சா... கலங்கின தண்ணிக்குள்ள பாக்கிறாப்போல. இன்னும் கொஞ்ச நாள் போனா முழுக்கப் போயிரும். அவள ரெண்டாந்தரமும் கடலுக்குக் குடுத்தாப்போலதானே?”

எழும்பி டின்னை இறக்கினேன்.

கொழும்பில் விளம்பர வேலை செய்கிற ஒரு இடத்தில் மேக் இருக்கிறது என்று விசாரித்து அறிந்தோம். விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். நான், மரியம், ஆமினா. டின் என் மடியில்.

அந்த நாட்களில் வெளியே போவது என்றால் என்ன என்று நான் சொல்லவா வேண்டும்? ராணுவச் செக்பொயின்ட்டுக்கு மேல் செக்பொயின்ட். இறங்கு, ஐ.சி. அட்டையைக் காட்டு, பையைத் திற, ஏறு. மறுகா இறங்கு. முதல் இரண்டு இடத்திலும் டின்னைத் திறந்து பார்த்து மூடிவிட்டார்கள். மூன்றாவது பெரிய இடம். அங்கே ஒரு அறை, அறைக்குள் கொம்பியூட்டர்.

என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். பெண்கள் இருவரும் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

கொம்பியூட்டருக்கு முன்னால் ஒரு இளம் ஆமிக்காரன். மீசை சரியாக முளைக்கவில்லை. டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

“மொனவத மேக்கே?” இதற்குள் என்ன என்று கேட்டான்.

சிங்களம் எனக்குப் பேச வரும். ‘படங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும்? திறப்பான். எங்கள் ஊர்ப் பெண்கள், மௌத்தான பெண்கள், கல்யாண உடுப்போடு, முக்காடில்லாமல் — ஒரு காவலறையில், அந்நிய ஆண்களுக்கு முன்னால்! வாக்குக் கொடுத்தவன் நான்.

“முகுத் நே, சேர்” என்றேன். ஒன்றும் இல்லை. “ஹிஸ்.” வெறும் டிஸ்க்.

அவன் குத்தினான். யா அல்லாஹ், திறந்துவிடக் கூடாது... திறந்துவிடக் கூடாது...

திறக்கவில்லை. அதே பெட்டி வந்தது.

ஒரு கணம், அந்தப் பாம்பு முகத்தைப் பார்த்து ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்றேன். அவ்வளவு முட்டாள் நான்!

பொடியன் சிரித்தான். நல்ல பிள்ளை. உபகாரம் செய்கிற சிரிப்பு.

“சரிதான் முதலாளி, வெறும் டிஸ்க். ஃபோமட்கூடப் பண்ணவில்லை. இப்படியே கொண்டுபோய் என்ன செய்யப்போகிறீர்கள்? இருங்கள், நான் பண்ணித் தருகிறேன்.”

அவனுடைய விரல் போகிறது.

நான் சொன்ன பொய்யும் கொம்பியூட்டர் சொன்ன பொய்யும் ஒன்றாகிவிட்டன. இரண்டு சாட்சி! இனி எந்த நீதவானாலும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்ற முடியாது. பேசாமல் நின்றால் நான் வீட்டுக்குப் போகலாம். பேசினால்... ஆமியிடம் பொய் சொன்னவன். அந்த மாதத்தில், அந்த ரோட்டில், அப்படி ஒருவன் எங்கே போவான்?

“எப்பா!” என்று கத்திவிட்டேன். வேண்டாம்!

விரல் நின்றது. சிரிப்பும் நின்றது. வாசலில் துவக்கோடு நின்றவன் கிறுகித் திரும்பிப் பார்த்தான். உள்ளறையிலிருந்து பெரியவர் ஒருவர் வந்தார். தோளில் நட்சத்திரம். பொடியன் நடந்ததைச் சொன்னான். அவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

“நீங்களும் வெறும் என்கிறீர்கள். கொம்பியூட்டரும் வெறும் என்கிறது. வெறும் டிஸ்க்கைத் துடைத்தால் உங்களுக்கு என்ன?”

கடல் வந்த அன்றைக்குக்கூட நான் இப்படிப் பயந்ததில்லை. அன்று ஓட வழி இருந்தது.

அப்போதுதான் வெளியே இருந்து ஆமினா கூப்பிட்டாள்.

“காக்கா. உள்ளதச் சொல்லுங்க.”

“நீ சும்மா இரு புள்ள.”

“எங்கட புள்ளைகள் இரிக்கி எண்டு சொல்லுங்க.”

“வாக்குக் குடுத்திரிக்கன். சொன்னாத் தொறந்து பாப்பானுகள்.”

“பாத்தாப் பாக்கட்டும்! பாத்தா மானம் போகும், ஓம். துடைச்சா ஆளே போயிரும். ஊர்ப் பொம்புளைகளுக்கு நான் பதில் சொல்லுவன். துடைச்சிட்டா எனக்கு நீங்க என்ன பதில் சொல்லுவீங்க?”

மரியமும் சொன்னாள். “அவள் சொல்றதக் கேளுங்க. ஒருக்காவாவது பொம்புள சொல்றதக் கேளுங்க.”

சொன்னேன். ஐஸ்பழம் விற்ற சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கடல், கயிறு, படம், வாக்கு. அந்தப் பெண்ணின் மகள் இதற்குள் இருக்கிறாள் என்றேன்.

“காட்டுங்கள்” என்றார்.

எப்படிக் காட்டுவது? “இது வேறு சாதிக் கொம்பியூட்டரில் எழுதியது சேர். உங்கள் கொம்பியூட்டருக்கு வாசிக்கத் தெரியாது.”

சொன்ன பிறகுதான் வார்த்தையின் கனம் உறைத்தது. அவர் முகம் மாறவில்லை. “எங்கள் கொம்பியூட்டருக்கு வாசிக்க முடியாத ஒன்றை, வெறும் என்று பொய் சொல்லிக் கொண்டுபோகிறீர்கள்” என்றார். அவர் சொன்னதில் பிழை இருக்கிறதா? நானே அந்தக் கதிரையில் இருந்தாலும் என்னை விட்டிருக்க மாட்டேன்.

கடைசியில் முடிவு சொன்னார். நீங்கள் போகலாம். டிஸ்க் எங்களிடம் இருக்கும். பெரிய முகாமுக்குப் போகும். தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். என் தொழிலையும் கடை விலாசத்தையும் எழுதிக்கொண்டார்.

உயிர் வந்தது. வந்த உடனே திரும்பப் போனது. பெரிய முகாமில் என்ன கொம்பியூட்டர் இருக்கும்? இதேதான். அதுவும் இதையேதான் கேட்கும். யாரோ ஒருவன், தேநீர் குடித்துக்கொண்டே, ‘ஓம்’ என்று அமர்த்துவான். அமர்த்தினவனுக்குத் தெரியவும் வராது.

“சேர், ஒரு நிமிடம். ஒன்று எழுதி ஒட்ட விடுங்கள்.”

மரியத்தின் பைக்குள் எப்போதும் பிளாஸ்டர் இருக்கும், செருப்புக் கடித்தால் போட. வாங்கினேன். பொடியனின் பேனையைக் கேட்டேன். மேசையில் குனிந்து எழுதினேன் — சிங்களம், தமிழ், இங்கிலீஷ். ‘இது கேட்டால் வேண்டாம் என்று சொல்லவும்.’ இங்கிலீஷில் ஒரே ஒரு ‘நோ’தான், ஆனால் பஸ் போர்ட் மாதிரிப் பெரிசாக! பயம் இருந்தாலும் எழுத்துக் கோணவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆயுளில் நான் எழுதிய அத்தனை போர்டிலும் ஆகச் சிறியது அது. ஆக அழகானதும் அதுதான்.

டிஸ்க்கின் முதுகில் ஒட்டினேன். பெரியவர் வாசித்தார். நாங்கள் கொழும்புக்குப் போகவில்லை. வேனைத் திருப்பினோம். வழி முழுக்க ஆமினா தன் வெறுங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பிறகு காத்திருப்பு. காத்திருப்பா அது? வீட்டுக்கு முன்னால் ஒரு வாகனம் மெதுவாகப் போனாலும் எழும்பி ஜன்னலால் பார்ப்பேன். சந்தையில் மீன்காரன் பகிடி விட்டான். “போர்ட் காக்கா, டிஸ்க்குக்குள்ள என்ன, குண்டா வெச்சிருந்தீங்க?” சிரித்தார்கள். சிரித்தவர்களே அடுத்த நாள் என் கடைப் படியில் நின்று பேசுவதை விட்டார்கள். “போய்க் கேட்டுப் பார்க்கட்டுமா?” என்று ஒரு கூட்டாளியிடம் கேட்டேன். “போங்க. டிஸ்க்கோட சேத்து உங்களயும் வெச்சிக்குவானுகள்” என்றான்.

யுத்தம் முடிந்தது என்று அறிவித்தார்கள். ரோட்டெல்லாம் பட்டாசு. பாற்சோறு கொடுத்தார்கள், சாப்பிட்டேன். கொடி கட்டச் சொன்னார்கள், கட்டினேன். எல்லாரும் இனிப் பயமில்லை என்றார்கள். எனக்குப் பயம் கூடியது. இவ்வளவு பெரிய காரியம் முடிந்த நேரத்தில், ஒரு பிளாஸ்டர் ஒட்டிய டிஸ்க்கை யார் நினைவில் வைத்திருப்பார்?

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போக செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைக்குக் கீழே ஆமி ஜீப் ஒன்று நின்றது. பக்கத்துக் கடை ஷட்டர் பாதி இறங்கியது. எதிர்க் கடை முழுதாகவே இறங்கியது. மாடிப்படியில் பூட்ஸ் சத்தம். பர்சானாவைப் பின்கதவால் போகச் சொன்னேன். போகவில்லை அவள், என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாவுக்கு முன் ஓதுகிற கலிமாவை ஓதிக்கொண்டேன் நான்.

முன்பின் காணாத ஒரு ஆமிக்காரன். “போர்ட் எழுதும் முதலாளி?” என்றான். தலையை ஆட்டினேன். பழுப்பு உறை ஒன்றை மேசையில் வைத்தான். போய்விட்டான். அவ்வளவுதான்!

உறைக்குள் டிஸ்க். முதுகில் என் பிளாஸ்டர், ஓரம் அழுக்கேறி, ஆனால் உரியாமல். என் எழுத்துக்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில், வேறு பேனையில், சிங்களத்தில் ஒரு வரி. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

‘கேட்டது. வேண்டாம் என்று சொன்னேன்.’

யார் எழுதினது? மீசை முளைக்காத அந்தப் பொடியனா? தோளில் நட்சத்திரம் வைத்தவரா? நாங்கள் காணாத யாரோ ஒருவரா? தெரியாது. பெயர் போடவில்லை. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பர்சானா தண்ணீர் கொண்டுவந்தாள்.

இரண்டாம் தடவை கொழும்புக்குப் போனபோதும் அதே வேன், அதே மடி, அதே டின். மேக் இருந்த அறைக்குள் ஆமினாவும் பர்சானாவும் போனார்கள். அங்கே வேலை செய்கிற ஒரு தங்கச்சிதான் டிஸ்க்கைக் குத்தினாள். நான் வெளியே ரோட்டோரம் நின்றேன். வாக்கு வாக்குத்தானே? ஆமினா ‘பாக்கட்டும்’ என்று விட்டது அந்தக் காவலறையில் மட்டும். அந்தப் பெண்களுக்கு நான் இன்னும் காவல்.

நேரம் போனது. சத்தம் இல்லை. அழிந்துவிட்டதோ? யாராவது முதலில் ‘ஓம்’ சொல்லிவிட்டுப் பிறகு எழுதினார்களோ? பொய் எழுதியிருப்பார்களோ? கண்ணாடிக் கதவில் என் முகத்தைப் பார்த்தேன், செத்தவன் முகம்.

ஆமினா வெளியே வந்தாள். அழவில்லை.

“காக்கா, அவளுக்கு மச்சம் வலது கன்னத்தில எண்டு நெனச்சிட்டிருந்தன். இடதுலதான் இரிக்கி.”

நுஸ்கியாவின் படத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

இப்போது அந்தப் படங்கள் மூன்று இடத்தில் இருக்கின்றன. எல்லாம் எந்தக் கொம்பியூட்டரும் வாசிக்கிற பழைய முறையில். ஒன்று கல்முனையில், ஒன்று ஆமினாவிடம், ஒன்று கடல் எட்டாத தூரத்தில். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கிற மகன் டிஸ்க் அனுப்பினால், எந்தக் கொம்பியூட்டரில் எழுதினாய் என்று முதலில் கேளுங்கள். பென் டிரைவை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். முக்கியமாக — ‘வெறும்’ என்று யார் சொன்னாலும் அந்த நிமிடமே நம்பிவிடாதீர்கள். சொன்னவனுக்கு வாசிக்கத் தெரியுமா என்று பாருங்கள். தனக்கு வாசிக்கத் தெரியாததை வெறும் என்று சொல்லித் துடைத்துவிடுகிற வழக்கம் கொம்பியூட்டருக்கு மட்டும்தான் இருக்கிறதா என்ன?

“வாப்பா, இந்த வரிய எடுத்திரவா? பயமாக் கெடக்கு” என்கிறாள் பர்சானா. எனக்கும் பயம்தான். இருக்கட்டும்.

இனி என் கணக்கு. வைபவம் நடத்திய அந்த நிறுவனம் இதைப் புத்தகமாகப் போடப்போகிறதாம். படங்கள் இல்லாமல், கதை மட்டும். நல்லது. வாக்கு வாங்கினதும் நான். டின்னோடு ஓடினதும் நான். ‘எப்பா’ என்று கத்தினதும், பிளாஸ்டரில் எழுதினதும் நான். ‘உள்ளூர் நபர்’ என்று போட்டால் அச்சகத்துக்கே வருவேன். இந்தப் பத்தியின் தலையில் இருக்கிற பெயரை, எழுத்துப் பிழையில்லாமல், முழுதாகப் போடுங்கள்.

என் பெயருக்குக் கீழே ஒரு வரி வெறுமையாக விடுங்கள் — ‘வேண்டாம்’ என்று சொன்ன அந்தக் கைக்கு. அதை மட்டும் யாரும் துடைத்துவிடாதீர்கள்!